டெபியன் 11இலிருந்து 12க்கு: கொமாண்டுக்கு முன் லைசன்ஸைப் பாருங்கள்

திருமலையில் சின்னச் சின்னதாக சேர்வர் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நிலாவெளி விடுதியின் புக்கிங், டவுனில் ஒரு ரியூஷன் நிலையத்தின் மாணவர் விவரம், பார்மசியின் பில் கணக்கு எல்லாம் மேசைக்கடியில் கிடக்கும் பழைய பெட்டியில்தான் ஓடும். அதில் டெபியன் 11 (லினக்ஸ் வகை இலவச ஒபரேட்டிங் சிஸ்டம்) இருந்தால், நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு 2026 ஓகஸ்ட் 31 வரைதான். 2023 யூனில் வெளிவந்த 12க்கு ஏறும் வழி இது. நேரே 13க்குத் தாவுவதை டெபியன் ஆதரிப்பதில்லை. ஒவ்வொரு பதிப்பாகத்தான் ஏற வேண்டும்.

விடுதிக்காரர்கள் மே முதல் செப்டெம்பர் வரை இதைத் தொட வேண்டாம், சீசன். மாரி மழையிலும் கரண்டை நம்ப முடியாது. பெப்ரவரி, மார்ச் வசதி. எந்த மாதமானாலும் யூபிஎஸ் இருக்க வேண்டும்.

கொமாண்டுகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. பக்கப். டேட்டாபேஸைத் தனியாக டம்ப் எடுங்கள், சேர்வரின் செட்டிங்ஸ் கிடக்கும் இடிசி ஃபோல்டரை முழுதாகக் கொப்பி பண்ணுங்கள். இரண்டையும் வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். அதே பெட்டியில் இருப்பதை நான் பக்கப் என்று கணக்கெடுப்பதில்லை.

2. லைசன்ஸ் கணக்கு. அநேகமானோர் தாண்டிப் போகும் இடம் இதுதான், சிக்கலும் இங்கேதான் கிடக்கிறது. விஆர்எம்எஸ் என்ற சிறு புரோகிராமை ஆப்ட் (டெபியனில் மென்பொருள் நிறுவும் கருவி) மூலம் நிறுவி ஓட்டுங்கள். உங்கள் சேர்வரில் உள்ளவற்றில் டெபியனின் சுதந்திர மென்பொருள் வரையறைக்குள் வராதவை எவை, அவற்றைச் சார்ந்தவை எவை என்று பட்டியல் தரும். (வியாபாரத்துக்குப் பாவித்தால் டெபியனுக்குக் காசு கட்ட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம்.) பட்டியலில் வழக்கமாக இரண்டு வகை தென்படும்.

ஒன்று ஃபேர்ம்வெயார், அதாவது வன்பொருளுக்குள் ஓடும் சிறு மென்பொருள். புரோட்கொம் நெட்வேர்க் கார்டுக்குரிய கோப்பு, இன்டெல் மைக்ரோகோட் போன்றவை. இவற்றின் மூலநிரலைத் தயாரிப்பாளர் தருவதில்லை, அதனால் 11இல் நொன்-ஃப்ரீ பிரிவில் கிடந்தன. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்த பிறகு, 12இல் நொன்-ஃப்ரீ-ஃபேர்ம்வெயார் என்று தனிப் பிரிவே வந்தது. அதைச் சேர்க்காவிட்டாலும் அப்கிரேட் நடக்கும். ஒரு சின்ன அறிவித்தல் வந்து மறையும், அவ்வளவுதான். அப்புறம் மைக்ரோகோட்டுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வராமலே போகும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

மற்றது இசட்எஃப்எஸ், டிஸ்க்கில் டேட்டாவை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபைல் சிஸ்டம். இதுதான் ஆளைப் பயமுறுத்தும். லினக்ஸ் கேர்னல் (சிஸ்டத்தின் மையக்கரு) ஜிபிஎல் 2 உரிமத்தில் இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸிடமிருந்து வந்த இசட்எஃப்எஸ் சிடிடிஎல் உரிமத்தில். இரண்டும் திறந்த மூலம்தான், ஆனால் நிபந்தனைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆகவே இரண்டையும் சேர்த்துத் தயாராக்கிய மொடியூலை (கேர்னலோடு சேரும் துண்டு) டெபியன் விநியோகிப்பதில்லை. உபுண்டு வேறு கருத்தில் 2016 முதல் தயாராகவே தருகிறது. டெபியனில் மூலநிரல் கொன்ட்ரிப் பிரிவில் இருக்கும், புதுக் கேர்னல் வரும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற கருவி அதை உங்கள் பெட்டியிலேயே கம்பைல் பண்ணும். இப்போது பாருங்கள்: 12இல் கேர்னல் 6.1. சோர்சஸ் பட்டியலில் (ஆப்ட் எங்கிருந்து பொதிகளை எடுக்கும் என்று சொல்லும் பைல், 4ஆம் படியில் வரும்) கொன்ட்ரிப் விடுபட்டால் பழைய இசட்எஃப்எஸ் 2.0 அப்படியே நிற்கும், 6.1க்கு அது கம்பைல் ஆகாது. ரீபூட் பண்ணினால் டேட்டா டிஸ்க்கையே காணோம்! அழிந்திருக்காது, ஆனாலும் அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். கம்பைலுக்கு வேண்டிய லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 பொதி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அது இல்லாவிட்டாலும் கம்பைல் நடக்காது.

3. வெளி ரெப்போ (மென்பொருள் களஞ்சியம்). டெபியனுக்கு வெளியே இருந்து நிறுவியவற்றைக் குறித்துவைத்து, அந்த வரிகளை முடக்குங்கள். மொங்கோடிபி டேட்டாபேஸ் 2018இல் எஸ்எஸ்பிஎல் உரிமத்துக்கு மாறிய பிறகு டெபியனில் இல்லை. உங்களிடம் அது இருந்தால் நிறுவனத்தின் ரெப்போவிலிருந்துதான் வந்திருக்கும்.

4. பெயர் மாற்றம். முதலில் 11இன் எல்லா அப்டேட்டையும் போட்டு முடியுங்கள். பிறகு சோர்சஸ் டாட் லிஸ்ட் பைலில் புல்ஸ்ஐ (11இன் பெயர்) என்று உள்ள இடமெல்லாம் புக்வேர்ம் (12இன் பெயர்) என்று மாற்றி, ஒவ்வொரு வரி முடிவிலும் மெயின், கொன்ட்ரிப், நொன்-ஃப்ரீ, நொன்-ஃப்ரீ-ஃபேர்ம்வெயார் நான்கும் இருக்கச் செய்யுங்கள்.

5. அப்கிரேட். தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் மூலம் செய்தால் டிமக்ஸ் என்ற புரோகிராமுக்குள் தொடங்குங்கள், லைன் அறுந்தாலும் வேலை ஓடும். ஆப்ட் அப்டேட், பிறகு புதுப் பொதிகளைச் சேர்க்காமல் ஆப்ட் அப்கிரேட், அதாவது வித்தவுட்-நியூ-பேகேஜஸ் தெரிவுடன் (கடைசிச் சொல்லைப் பிகேஜிஎஸ் என்று சுருக்கி அடிக்க வேண்டும்), கடைசியாக ஆப்ட் ஃபுல்-அப்கிரேட். நீங்கள் திருத்திய கொன்ஃபிக் பைலை மாற்றவா என்று கேட்டால், இருப்பதையே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

6. ரீபூட்டுக்கு முன். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் அடியுங்கள். 6.1 கேர்னலுக்கு நேரே இன்ஸ்டோல்ட் என்று வராவிட்டால் ரீபூட் பண்ணாதீர்கள். கொன்ட்ரிப்பையும் ஹெடர்ஸையும் மறுபடி பாருங்கள்.

ரீபூட் ஆகி சேர்வர் எழுந்து வந்தபின் வெளி ரெப்போக்களை ஒவ்வொன்றாகத் திறக்கலாம். அந்த நிறுவனம் புக்வேர்முக்கென்று பொதி வெளியிட்டிருக்கிறதா என்பதை அவர்களுடைய பக்கத்தில் பார்த்த பிறகு மட்டும்.