ஆராதனையில் பேசுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் தமிழ்ச் சபை ஒன்றில் பழைய வேதாகமத் தமிழை மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டியும், மலாய்ப் பள்ளியில் படித்ததால் பாட்டு வரிகளை ரோமன் எழுத்தில் பார்த்துப் பாடும் பேரனும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டிக்குப் புரிந்தால் போதும் என்று பேசுவதுதான் முதல் தவறு.

பொது ஜெபத்தில் இது நன்றாகத் தெரியும். அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போவார்கள், எதற்காக ஜெபிக்கிறோம் என்பது கடைசிவரை பிடிபடாது. புரியாத ஜெபத்துக்குப் பக்கத்தில் இருப்பவன் எப்படி 'ஆமென்' சொல்வான் என்று பவுல் கேட்கிறார் (1 கொரிந்தியர் 14:16). அவர் பேசுவது அந்நியபாஷையைப் பற்றி, அதாவது ஆவியின் ஏவுதலால் பேசும், கேட்பவர்களுக்குப் புரியாத பாஷையைப் பற்றி. சில நேரம் நம் தமிழும் அந்தக் கதிக்குத்தான் ஆளாகிறது.

அந்நியபாஷையைத் தடுக்க வேண்டாம் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. ஆனால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராகப் பேச வேண்டும், ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லை என்றால் சபையில் பேசாமல் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் மைக்கில் பேசுவதை இந்த வசனங்களோடு எப்படிப் பொருத்துகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது மொழிபெயர்ப்பு. ஆங்கிலப் பிரசங்கியார் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார். தமிழில் வினை கடைசியில்தானே வரும்? அவர் எதை வைத்து முடிப்பார்? ஊகித்து ஒன்றைச் சொல்வார், அடுத்த துண்டு வந்ததும் திருத்துவார், கேட்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து குழம்பும். ஐந்தாறு வாக்கியங்களை ஒரே மூச்சில் கொட்டினால் பாதிதான் தமிழில் வரும். சின்னதாக, முழுதாக ஒரு வாக்கியம், அப்புறம் இடைவெளி. முடிந்தால் குறிப்புகளை முந்தின நாளே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். இது நிறையப் பேர் செய்யாதது.

வேதபாடம் வாசிப்பவர்கள் வீட்டில் ஒருமுறையாவது சத்தமாக வாசித்துப் பார்க்க வேண்டும். வேதபாரகனான எஸ்றாவின் காலத்தில், ஆலயப் பணி செய்த லேவியர்கள் மோசேயின் நியாயப்பிரமாணத்தைத் தெளிவாக வாசித்து, அர்த்தம் சொல்லி, ஜனங்களுக்கு விளங்கவைத்தார்கள் என்று நெகேமியா 8:8 சொல்கிறது. நம்மில் சிலர் பெயர்ப் பட்டியல் வந்ததும் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள்.

கடைசியாக, மைக். ஜெபத்துக்கு எக்கோ வைத்தால் உருக்கமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். காது மந்தமான பெரியவர்களுக்கு அதில் ஒரு சொல்லும் பிரிந்து கேட்காது. பேசும்போது எக்கோவை அணைத்துவிடச் சொல்லுங்கள், பாட்டுக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.