ஒரு பலகை, ஒரு கயிறு: மாலுமிகளின் இராப்பலகையை நாமே செய்வது எப்படி?

அந்தக் காலக் கடற்கருவி என்றதும் பித்தளைப் பளபளப்புதான் பலருக்கும் ஞாபகம் வரும். இந்தியப் பெருங்கடலில் புழங்கிய ஒன்றுக்குப் பித்தளையே தேவைப்படவில்லை. நடுவில் துளையிட்ட ஒரு சின்னப் பலகை, அதிலிருந்து தொங்கும் முடிச்சுக் கயிறு, அவ்வளவுதான். அரபு மாலுமிகள் கமால் என்றார்கள். நம் பக்கத்தில் இராப்பலகை.

வேலை செய்யும் விதம் எளிது. பூமியின் வடபாதியில் துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுதான் நீங்கள் நிற்கும் அட்சரேகை. நாகப்பட்டினத்தில் சுமார் 10.8 பாகை, சென்னையில் 13.1. மாலுமிக்கு இந்த எண்கள் வேண்டியதில்லை, ஊருக்கு ஒரு முடிச்சு இருந்தால் போதும்.

செய்முறை

8 செ.மீ. உயரம், 5 செ.மீ. அகலத்தில் ஒரு பிளைவுட் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். கெட்டி அட்டையும் பரவாயில்லை. ஆனால் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் நேராக இருக்க வேண்டும், அளப்பதே அவற்றை வைத்துத்தான். சரியாக நடுவில் துளையிட்டு ஒரு மீட்டர் கயிற்றைக் கோத்து, பின்பக்கம் முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள். நைலான் வேண்டாம், இழுத்தால் நீளும். முறுக்கிய பருத்திக் கயிறு நல்லது.

அடுத்து ஊர் முடிச்சுகள். பலகையின் முன்பக்கத்திலிருந்து கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்து போடுங்கள்: சென்னைக்கு 34.9 செ.மீ., நாகப்பட்டினத்துக்கு 42.5, யாழ்ப்பாணத்தின் பருத்தித்துறைக்கு 46.5, இராமேஸ்வரத்துக்கு 49.2, கன்னியாகுமரிக்கு 56.6. வேறு ஊர் வேண்டுமா? அதன் அட்சரேகையில் பாதியை எடுத்து, அதன் டேன்ஜென்ட்டால் 4-ஐ வகுத்தால் நீளம் வந்துவிடும். 4 என்பது பலகை உயரத்தில் பாதி.

இந்த இடத்தில் அவசரம் ஆகாது. நாகப்பட்டினம் முடிச்சு 1 செ.மீ. தள்ளி விழுந்தால் கடலில் கிட்டத்தட்ட 28 கி.மீ. பிசகும். முடிச்சு இறுகும்போது கொஞ்சம் நகரும், அதனால் போட்டபின் மறுபடியும் அளந்து பாருங்கள்.

நட்சத்திரத்தைப் பிடிப்பது

துருவ நட்சத்திரம் பளிச்சென்று இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் புதியவர்கள் கோட்டை விடுவார்கள். அது நடுத்தர ஒளிதான். சித்திரை, வைகாசி மாதங்களில் முன்னிரவில் சப்தரிஷி மண்டலம் வடக்கே நன்றாக உயர்ந்திருக்கும். அதன் செவ்வகப் பகுதியில், வாலுக்கு எதிர்ப்புறம் உள்ள இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் போல ஐந்து மடங்கு, அதே கோட்டில் நீட்டிப் போனால் துருவம்.

இன்னொரு சிக்கல் தொடுவானம். நள்ளிருட்டில் கடலும் வானமும் எங்கே பிரிகின்றன என்றே தெரியாது. அந்தி மங்கும் நேரம் அல்லது நிலா வெளிச்சம் வேண்டும். வடக்கே கடல் திறந்திருக்கும் கரையும் வேண்டும். தமிழகத்தின் கிழக்குக் கரையில் பல இடங்களில் வடக்கே பார்த்தால் கரையே குறுக்கே வரும். இராமேஸ்வரம் தீவின் வடகரையோ பருத்தித்துறையோ தோதானவை.

பார்ப்பது

மாலுமிகள் முடிச்சைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அவர்களுடைய முடிச்சு துறைமுகத்திலேயே பார்த்துப் போட்டது, அதனால் அதுவே கணக்கு. நம்முடையது சூத்திரத்தில் வந்த நீளம் என்பதால், முடிச்சைக் கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடி, கயிறு தொய்யாமல் பலகையை முன்னே நீட்டுங்கள். கீழ் விளிம்பைத் தொடுவானத்தில் உட்கார வையுங்கள். இப்போது மேல் விளிம்பைப் பாருங்கள். நட்சத்திரம் சரியாக விளிம்பில் இருந்தால் அந்த ஊரின் அட்சரேகையில் இருக்கிறீர்கள். விளிம்புக்கு மேலே தெரிந்தால் ஊருக்கு வடக்கே, பலகைக்குப் பின்னால் மறைந்தால் தெற்கே.

வங்கக் கடலிலிருந்து நாகப்பட்டினம் திரும்பும் கப்பலை எண்ணிப் பாருங்கள். நாகப்பட்டினம் முடிச்சில் நட்சத்திரம் விளிம்பைத் தொடும்வரை வடக்காகவோ தெற்காகவோ ஓட்டி, அப்புறம் மேற்கே திருப்பினால் போதும். கரைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதைப் பலகை சொல்லாது. அதற்கு ஓடிய நாளும் வேகமும்தான் கணக்கு. இந்தச் சிறு பலகைகள் ஐரோப்பியர் கண்ணிலும் பட்டன: 1500இல் போர்ச்சுகீசியத் தளபதி கப்ராலின் கப்பற்படையோடு பிரேசில் சேர்ந்த மருத்துவர் மெஸ்த்ரே ஜோவான், போர்ச்சுகல் அரசருக்கு எழுதிய கடிதத்தில் 'இந்தியப் பலகைகள்' என்று குறிப்பிடுகிறார்.

கணக்கு கொஞ்சம் தள்ளி வந்தால் கயிற்றைத் திட்டாதீர்கள். துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இல்லை. இப்போது முக்கால் பாகைக்கும் குறைவான விலகலில் ஒரு சிறு வட்டம் போடுகிறது. 1500 வாக்கில் அந்த விலகல் சுமார் 3.5 பாகை. அதனால் அன்றைய மாலுமிகள் அது வட்டத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தான் அளக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே இரவில் சில மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை பார்த்துச் சராசரி எடுத்தால் பயிற்சிக்குப் போதும்.