நியூசிலாந்தின் தென்கோடி: கடலின் நேரம் பார்த்து கேட்லின்ஸ் சுற்றுவது எப்படி?

நியூசிலாந்து என்றதும் பலரும் குயின்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட் என்று போய்விடுகிறார்கள். தென்தீவின் தென்கிழக்கு மூலையில், டனீடினுக்கும் இன்வர்கார்கிலுக்கும் நடுவே கேட்லின்ஸ் என்றொரு கடற்கரைப் பகுதி இருக்கிறது. காடு, அருவி, பாறை முனைகள், பென்குயின், கடற்சிங்கம் எல்லாம் சிறிய பரப்புக்குள்ளேயே. நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரத்தில் தாண்டிவிடக்கூடிய தூரம்தான். நான் முதல்முறை அப்படி ஒரே நாளில் கடக்கப் பார்த்தேன். பார்க்க வந்த பாதி இடங்கள் கடல்நீருக்கு அடியில் இருந்தன. இங்கே வரைபடத்தைவிட கடல் ஏறி வற்றும் நேர அட்டவணைதான் முக்கியம் என்று அன்றுதான் புரிந்தது. அந்தக் கணக்கை முதலில் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

படி 1: மாதம்

என் தேர்வு மார்ச். கோடைக் கூட்டம் குறைந்திருக்கும், வெளிச்சம் இரவு எட்டு மணியை ஒட்டி நீளும், ப்ளஃப் என்ற துறைமுக ஊரின் பேர்போன சிப்பிப் பருவமும் அந்த மாதம்தான் தொடங்கும். செப்டம்பர், அக்டோபர் ஆடுகள் குட்டி போடும் காலம். பண்ணை நிலம் வழியாகப் போகும் சில நடைபாதைகளை அப்போது மூடிவிடுவார்கள். அங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கதீட்ரல் கேவ்ஸ் என்ற கடற்குகைகளும் மூடியிருக்கும்.

படி 2: விசாவும் பெட்டியும்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக கிரைஸ்ட்சர்ச் போய், அங்கிருந்து டனீடினுக்கு உள்ளூர் விமானத்திலோ காரிலோ போகலாம்.

பெட்டி விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. ஊறுகாய், நெய், தேன், பருப்பு, அம்மா கட்டிக் கொடுத்த பொடி என்று எது இருந்தாலும் வருகைப் படிவத்தில் 'ஆம்' என்று குறிப்பிட்டுவிடுங்கள். அறிவித்த பொருளை அதிகாரிகள் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள், இல்லையென்றால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அறிவிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மலையேற்றக் காலணியின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணையும் கழுவிவிட்டுக் கிளம்புங்கள், அதையும் பார்ப்பார்கள்.

படி 3: கார்

பேருந்தை நம்பி இங்கே சுற்ற முடியாது, கார் வேண்டும். நம் ஊர் மாதிரியே இடதுபக்க ஓட்டம் என்பதால் பயம் வேண்டாம். பழக வேண்டியது ஒரே ஒரு வண்டி போகும் அகலமுள்ள பாலங்கள். வட்டப் பலகையில் உங்கள் திசைக்கான அம்பு சிறியதாகவும் சிவப்பாகவும் இருந்தால், நின்று எதிரே வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். சரளைக்கல் சாலையில் சட்டென்று பிரேக் போடாதீர்கள். பெட்ரோலை, டனீடினிலிருந்து வரும் வழியில் உள்ள பால்க்ளூதா ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 4: கடல் கணக்கு

கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 10 மணிக்கு வற்றினால் நாளை 10.50 வாக்கில். நீங்கள் போகும் நாட்களின் வற்று நேரத்தை இணையத்தில் எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள்.

அதை வைத்து இரண்டு இடங்களை முதலில் பொருத்த வேண்டும். ஒன்று கதீட்ரல் கேவ்ஸ். கோயில் கோபுரத்துக்குள் அண்ணாந்து பார்ப்பது போல, 30 மீட்டர் வரை உயரும் கடற்குகைகள். கடல் முழுதாக வற்றும் நேரத்தை ஒட்டித்தான் உள்ளே போக முடியும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் நிலம் வழியாகப் போவதால் கட்டணம் உண்டு.

மற்றொன்று கியூரியோ பே. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சேற்றில் புதைந்து கல்லாகிப்போன காடு, கடல் வற்றும்போது வெளியே தெரிகிறது. விழுந்த மரங்கள் கிடந்த நிலையிலேயே கல்லாகியிருக்கின்றன. குனிந்தால் அடிமரத்தின் வளையங்களைக்கூடப் பார்க்கலாம். எவ்வளவு நேரம் நின்றாலும் எனக்குப் போதவில்லை. ஒரு சிறு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. இரண்டுக்கும் வற்றுக்கடல் வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

மீதி நேரத்துக்கு மற்ற இடங்கள். மூன்று அடுக்காக விழும் புராகௌனூயி அருவிக்குக் காட்டுக்குள் பத்து நிமிட நடை, மழை நாளில்தான் அது இன்னும் அழகு. ஸ்லோப் பாயிண்ட் தென்தீவின் தென்முனை. தென்கடல் காற்றில் ஒரே பக்கம் சாய்ந்தே வளர்ந்த மரங்கள் அதன் அடையாளம். வைபாபா பாயிண்ட் கலங்கரை விளக்கத்தில் சற்று அமைதியாக நில்லுங்கள். 1881-இல் தரருவா என்ற நீராவிக் கப்பல் இங்கே பாறையில் மோதி 131 பேர் இறந்தார்கள். அதன் பிறகே, 1884-இல், இந்த விளக்கை ஏற்றினார்கள்.

படி 5: விலங்குகளை அவற்றின் தூரத்தில் பாருங்கள்

ஹொய்ஹோ எனப்படும் மஞ்சள்கண் பென்குயின், நியூசிலாந்தின் 5 டாலர் நோட்டில் இருக்கும் பறவை. எண்ணிக்கை வேகமாகக் குறைந்துவருகிறது. நகெட் பாயிண்ட் அருகே ரோரிங் பேயில் மறைந்திருந்து பார்க்க ஒரு குடில் உண்டு. பொழுது சாயும் முன் போய்ச் சத்தமில்லாமல் உட்காருங்கள். கடலிலிருந்து கரையேறும் பென்குயின் மணலில் மனிதரைக் கண்டால் திரும்பிப் போய்விடும், கரையில் குஞ்சு பசியோடு காத்திருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வளர்ந்த பறவைகள் இறகு உதிர்க்கும். அந்த மூன்று நான்கு வாரம் அவற்றால் கடலில் இறங்கி இரை தேட முடியாது, அப்போது விரட்டப்படுவது பெரிய கேடு. 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். சில மாலைகளில் ஒன்றுகூட வராது, அதற்கும் தயாராகப் போங்கள்.

ஒவாகா ஊருக்குப் பக்கத்தில் சூரத் பே. நம்முடைய சூரத்தின் பெயர்தான். அந்தப் பெயர் கொண்ட கப்பல் 1874-இல் இங்கே கரைதட்டியது. மணல் மூடிய மரக்கட்டை போல ஏதாவது கிடந்தால் அது கடற்சிங்கமாக இருக்கலாம். 20 மீட்டர் விடுங்கள், நெருங்கி வந்தால் நிதானமாகப் பின்வாங்குங்கள். கோடையில் கியூரியோ பேயை அடுத்த போர்பாய்ஸ் பேயில் ஹெக்டர் ஓங்கில்கள் (டால்பின்கள்) கரையை ஒட்டி வரும். நீளம் ஒன்றரை மீட்டர்கூட இருக்காது.

படி 6: சாப்பாடு

இந்தப் பக்கத்தின் அடையாளம் சீஸ் ரோல். ரொட்டித் துண்டில் சீஸ் கலவையைத் தடவி, சுருட்டி, வாட்டி, மேலே வெண்ணெய் பூசித் தருவார்கள். குளிருக்கு அவ்வளவு இதம். சைவம்தானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அசைவம் என்றால் ப்ளூ காட் மீன் வறுவலும் ப்ளஃப் சிப்பியும். சிப்பியை முதலில் மாவில் தோய்த்துப் பொரித்ததாகச் சாப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் பச்சையாகச் சாப்பிடலாமா என்று முடிவு செய்யலாம்.

கடைகள் சீக்கிரம் மூடிவிடும். பென்குயின் பார்த்துவிட்டு இருட்டில் திரும்பும்போது எதுவும் கிடைக்காது. அதனால் சமையலறை உள்ள அறையாகப் பிடியுங்கள். டனீடினிலேயே அரிசி, பருப்பு, காய்கறி வாங்கிக்கொண்டால் ஒரு ரசம் சோற்றுக்கு வழியாகிவிடும்.

படி 7: ஸ்டூவர்ட் தீவு

ஒவாகா பக்கம் இரண்டு இரவு, கியூரியோ பே பக்கம் ஒன்று அல்லது இரண்டு இரவு தங்கினால் கேட்லின்ஸுக்குப் போதும். பிறகு ப்ளஃபில் காரை நிறுத்திவிட்டுப் படகேறுங்கள். ஒரு மணி நேரப் பயணம், அலை பலமாக இருக்கும். வாந்தி வரும் என்றால் மாத்திரையை முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மாவோரி மொழியில் ராகியூரா எனப்படும் இந்தத் தீவில் சுமார் நானூறு பேர்தான் வசிக்கிறார்கள். கிவிப் பறவைகள் அதைவிடப் பல மடங்கு. அவற்றைப் பார்க்க வழிகாட்டியுடன் இரவில் போவது நல்லது. பக்கத்தில் உள்ள உல்வா (Ulva) தீவுக்குப் போகும் முன் பையைத் திறந்து எலி, விதை எதுவும் ஒட்டியில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பறவைகள் பிழைத்திருப்பதே எலி இல்லாததால்தான்.

காற்று அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே ஊருக்கு விமானம் பதிவு செய்யாதீர்கள். நடுவே ஒரு நாளை இன்வர்கார்கிலுக்கென்று காலியாக விடுங்கள்.