இண்டக்டிவ் சென்சார் வடிவமைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

புதிதாக ப்ராக்சிமிட்டி சென்சார் (உலோகம் கிட்டே வந்ததைத் தொடாமலே காயிலால் உணர்வது) செய்பவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். வயரை மாற்றிக் கொடுப்பது, சப்ளையைத் திருப்பிப் போடுவது எல்லாம் உடனே தெரிந்துவிடும், அவற்றை விடுகிறேன்.

ஸ்பேனரைக் காட்டி தூரம் அளப்பது

லேபிளில் உணரும் தூரம் 8 மி.மீ. என்றால் எந்த உலோகத்துக்கு 8? ஐஈசி 60947-5-2 என்ற சர்வதேசத் தரநிலை கேட்பது 1 மி.மீ. கனமுள்ள சதுர மைல்ட் ஸ்டீல் தகடு. அதன் பக்கம் சென்சார் முகத்தின் விட்டம், அல்லது தூரத்தைப் போல மூன்று மடங்கு. இரண்டில் பெரியது எதுவோ அது. அலுமினியம், செம்பு என்றால் பெரும்பாலும் தூரம் பாதியை விடவும் கீழே இறங்கிவிடும்.

உணரும் தூரத்தை மேசையில் செட் செய்து அனுப்பிவிடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. உலோகம் கிட்டே வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் ஓடி, காயிலில் அலை எழுப்பும் ஆசிலேட்டரின் ஆற்றலைத் தின்னும், அலையின் உயரம் குறையும், அவுட்புட் மாறும். சரி. ஆனால் அந்த இழப்பு எதனால் வந்தது என்று சர்க்யூட்டுக்குத் தெரியாது. காயிலின் செம்புக் கம்பி சூடானாலும் இழப்புதான். டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் மின்தடை ஏறும். 30 டிகிரியில் செட் செய்தது 70 டிகிரிக்குப் போனால் 15 சதவீதத்தைத் தாண்டும். முழுத் தூரத்தில் நிற்கும் தகடு தரும் மாற்றமே சில சமயம் அவ்வளவுதான் இருக்கும்.

ஒரு மோல்டிங் ஷெட்டில் காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். மதியம் எதிரே ஒன்றுமே இல்லாமல் எல்இடி எரிந்து மெஷின் நிற்கும். நைட் ஷிஃப்டில் மறுபடி ஒழுங்கு. கேபிளை மாற்றினார்கள், மெஷினை ஓட்டும் பிஎல்சி கன்ட்ரோலரின் கார்டை மாற்றினார்கள், எர்த்திங்கைத் திட்டினார்கள். கடைசியில் சென்சாரைக் கழற்றி மேசையில் வைத்து ஹாட் ஏர் கன்னைக் காட்டியதும் எல்இடி எரிந்தது. அந்த லாட் முழுவதும் திரும்பி வந்தது. ஊற்றி மூடிய எபாக்சி பிசின் இறுகிப்போனதால், தூரத்தை செட் செய்ய உள்ளே இருக்கும் டிரிம்மரைத் தொட வழியில்லை. அத்தனையும் குப்பை.

ஓவனில் வைத்துச் சூட்டிலும், ஃப்ரீசரில் வைத்துக் குளிரிலும் அளவெடுங்கள். சூடேறினால் மின்தடை இறங்கும் என்டிசி தெர்மிஸ்டரால் ஈடுகட்டலாம். அதைக் காயிலை ஒட்டியே வையுங்கள். எபாக்சி இறுகும்போது காயிலின் ஃபெரைட் கோரை நெருக்கி இண்டக்டன்சையும் நகர்த்தும். அதனால் முகப்புப் பகுதிக்கு முதலில் ஊற்றி, இறுகிய பிறகு செட் செய்து, அப்புறம் மிச்சத்தை மூடுங்கள். அப்படியும் தேறாவிட்டால் லேபிளில் தூரத்தைக் குறைத்துப் போடுங்கள். சேல்ஸ்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

காயிலோடு எக்ஸ்7ஆர் கெபாசிட்டர்

வேண்டாம், சூட்டில் அதன் மதிப்பு நகரும். நகராத என்பி0 வகையைப் போடுங்கள்.

காயிலுக்குப் பின்னால் கிரவுண்ட் பிளேன் (போர்டின் செம்புப் பரப்பு)

அதுவும் உலோகம்தான்.

ஹிஸ்டெரிசிஸ் (ஆன் ஆகும் தூரத்துக்கும் ஆஃப் ஆகும் தூரத்துக்கும் இடைவெளி) வைக்காமல் விடுவது

எல்லைத் தூரத்தில் நிற்கும் தகடு லேசாக அதிர்ந்தாலே ரிலே படபடவென்று அடிக்கும்.

மாட்டும் இடத்தை மறப்பது

முகம் வெளியே நீட்டியிருக்க வேண்டிய நான்-ஃப்ளஷ் வகையை இரும்புத் தகட்டுக்குள் மட்டமாகப் புதைத்தால் அது அந்தத் தகட்டையே பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை டேட்டா ஷீட்டில் படமாகப் போடுங்கள். மாட்டுகிற ஃபிட்டர் எழுத்தைப் படிக்க மாட்டார்.