டிஸ்க் கன்ட்ரோலர் கார்ட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் வீட்டுக் கொம்பியூட்டரில் நான்கு ஹார்ட் டிஸ்க்கும் நிரம்பிவிட்டன, ஐந்தாவதை மாட்டப் போர்ட் இல்லை. திருகோணமலையில் நான் ஏறி இறங்கிய கடைகளில் சாட்டா கார்ட் (ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட்டுகளைக் கூட்டித்தரும் டிஸ்க் கன்ட்ரோலர் கார்ட்) இருக்கவில்லை. ஒன்லைனில் பத்து போர்ட் கார்ட் ஒன்று மலிவாகத் தெரிந்தது, கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பித்தேன். இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் கல்யாண வீடியோக்களை கொப்பி பண்ணிக்கொண்டிருக்கும்போது மூன்று டிஸ்க் ஒரேயடியாகக் காணாமல் போயின.

போர்ட்டை எண்ணி வாங்கியதுதான் பிழை. இந்த மாதிரி மலிவான கார்டுகளில் பெரும்பாலும் சின்ன கன்ட்ரோலர் சிப் ஒன்றுதான் உண்மையான வேலையைப் பார்க்கும். மிச்சப் போர்ட்டுகள் போர்ட் மல்டிப்ளையர் என்ற இன்னொரு சிப் வழியாகக் கிளை பிரிந்தவை. ஒரு கிளையில் தொங்கும் டிஸ்க் எல்லாம் ஒரே வழியைப் பங்கு போடுகின்றன, அதில் ஒன்று இடறினால் மற்றவையும் சேர்ந்து நின்றுவிடலாம். ஆகவே விளம்பரத்தில் சிப்பின் பெயரைத் தேடுங்கள். ஏஎஸ்எம் 1166 என்றால் 6 போர்ட், ஜேஎம்பி 585 என்றால் 5 போர்ட், இரண்டிலும் மல்டிப்ளையர் இல்லை. சிப்பின் பெயரைச் சொல்லாத கார்டை நான் இப்போது திரும்பியும் பார்ப்பதில்லை.

அடுத்தது ஸ்லாட், அதாவது மதர்போர்டில் கார்டைச் செருகும் இடம். இந்த இரண்டு சிப்பும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்ற வகை ஸ்லாட்டில் 2 லேன் (தரவு ஓடும் பாதை) கேட்பவை. கார்ட் பெரும்பாலும் 4 லேன் நீளத்தில் வரும், குட்டி ஸ்லாட்டில் நுழையாது. நீளமான ஸ்லாட் இருக்கிறதே என்று நம்பிவிடவும் முடியாது. டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள்: சிலதில் பித்தளை நிறப் பின்கள் பாதித் தூரத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடும், அது 4 லேன்தான். நமக்கு அது போதும். பழைய 2.0 ஒற்றை லேனில் கணக்குப்படியே செக்கனுக்கு 500 மெகாபைட்தான் போகும். ஒரு ஹார்ட் டிஸ்க் தனியாக 200ஐத் தொடும், நான்கும் ஒன்றாக ஓடினால் நீங்களே கூட்டிப் பாருங்கள்.

சரி, கார்ட் வாங்கவே வேண்டுமா? சில மதர்போர்டுகளில் எம்.2 டிஸ்க்கை (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சின்ன எஸ்எஸ்டி) மாட்டினால் இரண்டு சாட்டா போர்ட் செத்துவிடும். மனுவலைப் பாருங்கள், எம்.2ஐ வேறு இடத்துக்கு மாற்றினாலே காரியம் முடியலாம்.

சேர்வரில் இருந்து கழற்றிய எல்எஸ்ஐ 9211 கார்டும் நல்ல சாமான்தான், 8 டிஸ்க் தாங்கும். ஆனால் ஐடி மோட் பேர்ம்வெயார் (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் டிஸ்க்குகள் ரெய்டுக்குள் (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்தோ, ஒன்றின் பிரதியை இன்னொன்றில் வைத்தோ ஓட்டும் முறை) சிக்காமல் தனித்தனியாகத் தெரியும். சாதாரண சாட்டா வயரும் அதற்குச் சரிவராது, நான்காகப் பிரியும் வயர் தனியே வேண்டும். இன்னொரு தொல்லை சூடு. சேர்வருக்குள் வேகமாகக் காற்று ஓடும் என்று நம்பிச் செய்த கார்ட் அது. இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் (கொறிக்கிற கச்சானைச் சொல்லவில்லை) அறையே அடுப்பு மாதிரி இருக்கும். அதன் ஹீட்சிங்க்கில் சின்ன பேன் ஒன்றைக் கட்டாமல் ஓட்ட வேண்டாம்.

மலிவுக் கார்டில் ரெய்டு வசதி இருக்கிறது என்பதற்காக அதைப் போடாதீர்கள். கார்ட் செத்தால் டிஸ்க்குகளை வாசிக்க அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டிவரும். எழுதும் நடுவில் கரண்ட் போனால் இன்னும் மோசம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதை நாம் மறக்கவில்லையே. ரெய்டு இருந்தாலும் பெக்கப் தனியாக வேண்டும், தவறி அழித்த பைலை அது இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும்.

பவர் வயரிலும் கஞ்சத்தனம் வேண்டாம். மொலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் பவர் பிளக்கிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு இணைப்பிகள் உள்ளே ஷோர்ட் ஆகி எரிந்திருக்கின்றன.

கடைசியாக, கடலோரத்தில் இருப்பவர்களுக்கு. ஒரு வருடத்துக்குப் பிறகு டிஸ்க் விட்டு விட்டுத் தெரிந்தால் உடனே புதுக் கார்ட் தேடாதீர்கள். பிளக்கை இழுத்துவிட்டு கார்டைக் கழற்றுங்கள். அடியில் உள்ள தங்க நிற விரல்கள் உப்புக் காற்றில் மங்கியிருக்கும். பென்சில் அழிக்கும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, திரும்ப அழுத்தி மாட்டிப் பாருங்கள்.