தாலியைக் கண்டதும் கேள்வியை நிறுத்தாதீர்கள்

போன கிழமை, இளம் பிள்ளைகளின் பாலியல், இனப்பெருக்கச் சுகாதாரம் பற்றிய ஒரு பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த சுகாதாரப் பணிப் பிள்ளைகள், இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரம் கூடாரமாகப் போவதுபோல் நடித்துக் காட்டினார்கள். 2009இல் வவுனியா செட்டிகுளத்தில் இருந்த மெனிக் பாம் முகாமில் நான் விட்ட பிழைகள் அப்படியே வரிசையாக வந்தன. இரகசியம் காப்பது, அதட்டாமல் பேசுவது எல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. அவற்றை விடுகிறேன்.

தாலி

வன்னியில் யுத்தத்தின் கடைசிக் காலத்தில், கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அவசரக் கலியாணம் செய்துவைத்த குடும்பங்கள் பல. பதிவுக்கு 18 வயது வேண்டும், அதனால் பதிவும் இல்லை. மெனிக் பாமுக்கு வந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் இந்தப் பிள்ளைகளும் இருந்தார்கள். சிலருக்கு மாப்பிள்ளை எங்கே என்றே தெரியாது.

ஒரு கூடாரத்தில் அப்படி ஒருத்தி. கழுத்தில் மஞ்சள் கயிறு. 'திருமணமானவர்' என்று எழுதினேன், கர்ப்பத்துக்கு முன்பே எடுக்கத் தொடங்கும் போலிக் அமிலக் குளிசையை மாமியார் கையில் கொடுத்தேன், "எப்ப நல்ல செய்தி?" என்று பகிடி வேறு. அவள் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். இப்போதைக்குப் பிள்ளை வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை. சில மாதம் கழித்து, இரத்தசோகையோடு கர்ப்பிணிகள் வரிசையில் நின்றாள்.

"ஊசி இருக்கெண்டு நீங்கள் சொல்லேல்லையே அக்கா."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியைப் பற்றிச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். போன கிழமையும் பாருங்கள், நடிக்க வந்த பிள்ளை 'மருமகளை' விட்டுவிட்டு 'மாமியாரோடு'தான் பேசினாள். எனக்கு வந்த எரிச்சல்! நிறை பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிப் பிள்ளையைத் தனியே கூப்பிடுங்கள். நான் அதைப் பழகவே ஒரு வருடம் போனது.

தாலி இல்லாதவளுக்கு வேறு வில்லங்கம். குடும்பநலச் சேவைக்காக மருத்துவமாது வைத்திருக்கும் 'தகுதியுள்ள குடும்பங்களின்' பதிவேட்டில் அவள் பெயர் பெரும்பாலும் வராது, ஆகவே யாரும் எதுவும் கேட்பதில்லை.

முதலில் பொலிஸா?

பலாத்காரத்துக்கு ஆளான பிள்ளையை முறைப்பாட்டுக்காக அலையவிடாதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடைக் குளிசை ஐந்து நாள்வரை உதவும், ஆனால் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு பலன். முறைப்பாட்டைப் பிறகும் எழுதலாம்.

பாட்

உள்ளாடை கொடுக்காமல் மாதவிடாய்ப் பாட் மட்டும் கொடுத்தால் எதில் ஒட்டுவது?

ஒலிபெருக்கி

பிள்ளைகளை அதில் கூப்பிடுவது வேண்டவே வேண்டாம்.

பையன்கள்

'பெண் பிள்ளைகளுக்கு மட்டும்' என்று எழுதிய எங்கள் கொட்டிலுக்கு வெளியே ஒரு பையன் இரண்டு நாள் தண்ணீர்க் கானோடு நின்றான். மூன்றாம் நாள்தான் கேட்டேன். சலம் போகும்போது எரிகிறதாம். பலகையை அன்றே கழற்றினோம்.