கோப்பு வரவில்லை என்று மறுபடி அழுத்தாதீர்கள்

தரவிறக்கத்தில் நம்மவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் அவசரத்துக்குத்தான். கோப்பு வந்துவிட்டதா என்று பார்க்காமலேயே பொத்தானை மறுபடி அழுத்துகிறார்கள். கொழும்பில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவருக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை. மலையகத்தில் மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ, தோட்ட லயத்து வாசலில் இரண்டு கோடு சிக்னலுக்காகத் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு ஒவ்வொரு அழுத்தலும் ரீலோட் போட்ட காசு. 40 எம்.பி. பாடநூலை மூன்று முறை இறக்கினால் 120 எம்.பி. போய்விடும். பிறகு கோப்புறையைத் திறந்து பார்த்தால், அதே நூல் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று எண் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். முதல் தடவையே வந்துவிட்டது என்பதற்கு அந்த எண்களே சாட்சி.

அண்ட்ரோய்ட் தொலைபேசியில் குரோம் உலாவி இதைக் கேட்கவும் செய்கிறது: இந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மீண்டும் தரவிறக்கவா? அதைப் படிக்காமல் ‘ஆம்’ என்று தட்டுபவர்களே அதிகம்.

ஆகவே எதையும் செய்யும் முன் பட்டியலைப் பாருங்கள். கணினியில் குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் மூன்றிலும் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு ஜே எழுத்தை அழுத்தினால் தரவிறக்கப் பட்டியல் வரும். தொலைபேசிக் குரோமில் வலது மேல்மூலையின் மூன்று புள்ளிகளுக்குள் ‘டவுன்லோட்ஸ்’ இருக்கிறது. பழைய பழக்கக்காரர்கள் தடுமாறுவதற்கு நியாயமும் உண்டு. முன்பெல்லாம் குரோம் திரையின் அடியில் ஒரு பட்டை காட்டும். 2023இல் அதை எடுத்துவிட்டு மேலே முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அம்புக்குறியாக்கிவிட்டார்கள். பயர்பாக்ஸ் 2022 மார்ச்சில் வந்த 98ஆம் பதிப்பிலிருந்து, ‘திறக்கவா, சேமிக்கவா’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு நேரடியாகச் சேமிக்கத் தொடங்கியது. கேள்வி வராததால் கோப்பும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி மறுபடி சொடுக்குபவர்களை இன்றும் பாடசாலைக் கணினி அறைகளில் காணலாம்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் இருக்கிறது. அதுதான் பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளை அழ வைக்கிறது. பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாளையோ கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூலையோ கணினியில் சொடுக்கியதும், பி.டி.எஃப். கோப்பு உலாவிக்குள்ளேயே திறந்துகொள்ளும். பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘எடுத்தாயிற்று’ என்று மூடிவிடுகிறார்கள். பார்த்தது மட்டும்தான் நடந்தது, சேமிக்கவில்லை. வீட்டுக்குப் போய் இணைப்பு இல்லாமல் தேடினால் ஒன்றும் கிடைக்காது. திறந்த பக்கத்தின் மேலே கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று இருக்கும், அதை அழுத்தினால்தான் கோப்பு உங்களுடையது. அடிக்கடி வினாத்தாள் எடுப்பவர்கள் குரோமின் தள அமைப்புகளில் ‘பி.டி.எஃப். ஆவணங்கள்’ என்ற பகுதிக்குப் போய், திறப்பதற்குப் பதிலாகத் தரவிறக்கும்படி மாற்றிக்கொள்வது நல்லது.

எங்கே சேமிப்பது?

உலாவியின் அமைப்புகளில் ‘ஒவ்வொரு கோப்பையும் எங்கே சேமிப்பது என்று கேள்’ என்றொரு தெரிவு இருக்கிறது. கணினியில் இதைப் போட்டு வையுங்கள், தொலைபேசியில் வேண்டாம் என்பது என் கருத்து. கணினியில் வினாத்தாள் ஒரு பக்கம், விண்ணப்பப் படிவம் ஒரு பக்கம் என்று பிரித்து வைக்க இது உதவும். ஒரு கோப்பு வரத் தொடங்கும் கணத்திலேயே உங்களுக்குத் தெரிந்தும் விடும். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்பது எரிச்சலைத்தான் தரும்.

பென் ட்ரைவைச் சேமிக்கும் இடமாக வைப்பது இன்னொரு தொல்லை. அதைக் கழற்றிய பிறகும் உலாவி அதே இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும். பாதி இறங்கும்போது கை பட்டு அசைந்தால் கோப்பு கெட்டுப்போகும். முதலில் கணினிக்குள் இறக்கிவிட்டு, முடிந்த பிறகு பென் ட்ரைவுக்குப் பிரதி எடுப்பதே முறை. இன்னொன்று: பழைய பென் ட்ரைவுகள் பல ஃபேட்32 என்ற வடிவத்தில் இருக்கும். அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பு ஏறவே ஏறாது. 16 ஜி.பி. இடம் காலியாக இருக்கும்போதே ‘கோப்பு மிகப் பெரியது’ என்று சொன்னால் காரணம் இதுதான். பென் ட்ரைவ் பழுதாகவில்லை.

அறுந்து அறுந்து வரும் இணைப்பு

மலையகத்தில் இதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். மலை மறைப்பு, மழை, மின்வெட்டு என்று ஏதாவது ஒன்று பாதியில் குறுக்கிடும். ஹட்டனில் ரயில் ஏறி ஒரு காணொளிப் பாடத்தை இறக்கத் தொடங்கினால், கொட்டகலைக்கு முன்னால் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் சிக்னல் போய்விடும். அப்போது பட்டியலில் ‘தோல்வி, இணையப் பிழை’ என்று சிவப்பில் ஒரு வரி வரலாம். அதைக் கண்டவுடன் அந்த வரியை நீக்கிவிட்டுப் பழையபடி இணையப் பக்கத்துக்குப் போய்ப் புதிதாகத் தொடங்குவதுதான் பெரிய தவறு. வந்த பாதி முழுவதும் வீணாகிவிடும்.

‘தொடர்க’ என்ற பொத்தான் இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள். இதன் வேலை எளிமையானது. இன்ன இடம் வரை என்னிடம் இருக்கிறது, அதற்கு மேல் கொடு என்று உலாவி கேட்கிறது. கோப்பை வைத்திருக்கும் எதிர்ப்பக்கக் கணினியான சேவையகம் அதற்கு ஒத்துக்கொண்டால் மிச்சம் மட்டுமே வரும். எல்லாச் சேவையகங்களும் ஒத்துக்கொள்வதில்லை. கோப்பை எடுக்கச் சொடுக்கும் சில இணைப்புகளுக்கு (லிங்க்) ஆயுள் சில மணி நேரம்தான். காலாவதியான பிறகு தொடர முடியாது. அப்போதுதான் புதிதாகத் தொடங்க வேண்டும். இன்னும் நல்ல வழி, சிக்னல் போகப்போகிறது என்று தெரிந்தால் நீங்களே ‘இடைநிறுத்து’ என்பதை அழுத்திவிடுவது. ‘இரத்து’ என்பதை அழுத்திவிடாதீர்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது வடிவமைத்தவர்களின் பிழை என்றே சொல்வேன்.

பாதி வந்த கோப்பு கோப்புறையில் வேறு பெயருடன் கிடக்கும். குரோம், எட்ஜ் ஆகியவற்றில் பெயரின் கடைசியில் ‘சிஆர்டவுன்லோட்’ என்றும், பயர்பாக்ஸில் ‘பார்ட்’ என்றும் இருக்கும். அந்த வாலை வெட்டி ‘பி.டி.எஃப்.’ என்று மாற்றினால் நூல் திறந்துவிடும் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். பெயர் மாறும், உள்ளே இல்லாத பக்கங்கள் வந்துவிடாது. பெயரை மாற்றியதால் உலாவிக்கும் தன் கோப்பு அடையாளம் தெரியாமல் போய்விடும்; தொடரும் வாய்ப்பும் அத்தோடு முடிந்தது.

இரவு நேர டேட்டாவை நம்பி நள்ளிரவில் பெரிய கோப்புகளைப் போட்டுவிட்டுத் தூங்குபவர்களும் உண்டு. யோசனை நல்லது. ஆனால் மடிகணினியின் மூடியை மூடினால் அது உறங்கிவிடும், தரவிறக்கமும் நின்றுவிடும். மூடியைத் திறந்து வைத்து, மின் அமைப்புகளில் உறக்க நேரத்தை நிறுத்தி வைக்க வேண்டும். தொலைபேசியில் பேட்டரி சேமிப்பும் டேட்டா சேமிப்பும் பின்னணி வேலைகளைக் கட்டுப்படுத்துவதால், அந்த நேரத்துக்கு அவற்றை அணைத்து வையுங்கள். தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் கணினியை இணைத்திருந்தால், விண்டோஸின் வலையமைப்பு அமைப்புகளில் அந்த இணைப்பை ‘மீட்டர்’ இணைப்பு, அதாவது அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வினாத்தாளுக்காகக் காத்திருக்கும்போது விண்டோஸ் தன் புதுப்பிப்புகளைச் சாவகாசமாக இறக்கிக்கொண்டிருக்கும்.

வேகக் கணக்கிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நிறுவனங்கள் சொல்வது மெகாபிட், கோப்பின் அளவு மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். விநாடிக்கு 2 மெகாபிட் வரும் இடத்தில் 300 எம்.பி. காணொளி இறங்க 20 நிமிடம் ஆகும், அதுவும் சிக்னல் சீராக இருந்தால். இரண்டரை நிமிடத்தில் வரும் என்று காத்திருந்து, ‘சிக்கிவிட்டது’ என்று இரத்துச் செய்துவிடாதீர்கள்.

வந்தது எது என்று பாருங்கள்

கோப்பின் அளவைப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. பத்துப் பக்க வினாத்தாள் ஒன்று 3 கே.பி.யில் வந்திருந்தால் அது வினாத்தாளாக இருக்க வழியில்லை. பெரும்பாலும் அது ஒரு பிழைச் செய்திப் பக்கம் அல்லது உள்நுழையச் சொல்லும் பக்கம், பி.டி.எஃப். என்ற பெயரைச் சூடிக்கொண்டு வந்திருக்கும். நோட்பேடில் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதே இணைப்பை எத்தனை முறை அழுத்தினாலும் அதே பக்கம்தான் வரும். தளத்தில் உள்நுழைந்துவிட்டு எடுக்க வேண்டும், அல்லது சற்று நேரம் கழித்து முயல வேண்டும். பெறுபேறு வெளியாகும் நாளில் நாடே ஒரு தளத்தைத் தட்டும்போது இப்படி நடப்பது சகஜம்.

வினாத்தாள் கொடுக்கும் தனியார் தளங்களில் பெரிய பச்சைப் பொத்தான் கண்ணைப் பறிக்கும். அது பெரும்பாலும் விளம்பரம். உண்மையான இணைப்பு கீழே சின்ன எழுத்தில் இருக்கும். பி.டி.எஃப். கேட்ட இடத்தில் ஏ.பி.கே. (தொலைபேசிச் செயலி) அல்லது ஈ.எக்ஸ்.ஈ. (கணினி நிரல்) வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். கோப்பின் வகையைச் சொல்லும் பெயரின் கடைசி எழுத்துகளான பின்னொட்டை விண்டோஸ் மறைத்து வைப்பதால், ‘வினாத்தாள் பி.டி.எஃப்.’ என்று தெரிவது உண்மையில் ஈ.எக்ஸ்.ஈ.யாக இருக்கலாம். கோப்புலாவியின் ‘வியூ’ பகுதியில் பின்னொட்டுகளைக் காட்டச் சொல்லி வைப்பது ஒரு நிமிட வேலை. உலாவி ‘ஆபத்தானது’ என்று தடுத்தால், ‘வைத்துக்கொள்’ என்பதை அழுத்தும் முன் அந்தத் தளம் யாருடையது என்று பாருங்கள். வைரஸ் தடுப்பானை அணைத்துவிட்டு இறக்கச் சொல்லும் எந்தத் தளத்தையும் நம்ப வேண்டாம்.

பேஸ்புக்கில் வரும் இணைப்பைத் தட்டினால் அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு சிறு உலாவி திறக்கும். அதில் தரவிறக்கம் பல வேளை வேலை செய்யாது. மூன்று புள்ளிகளைத் தட்டி, வெளி உலாவியில் திறக்கச் சொல்லுங்கள்.

கொமியூனிகேஷன் கடைக் கணினி

நகரத்துக் கொமியூனிகேஷன் கடையில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, வேலை விண்ணப்பம் எல்லாவற்றையும் மின்னஞ்சலிலிருந்து இறக்கி அச்செடுக்கிறோம். அவை அங்கேயே கிடக்கின்றன. உலாவியின் பட்டியலிலிருந்து ஒரு வரியை நீக்கினால் கோப்பும் போய்விடும் என்று பலர் எண்ணுகிறார்கள். வரலாற்றை முழுக்கத் துடைத்தாலும் கோப்பு கோப்புறையில் இருக்கும். மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் இறக்கினாலும் அப்படியே. சாளரத்தை மூடினால் பட்டியல்தான் மறையும். டவுன்லோட்ஸ் கோப்புறைக்குப் போய் உங்கள் கோப்பைத் தேர்ந்து, ஷிப்ட் விசையுடன் டிலீட்டை அழுத்தி, மீள்சுழற்சித் தொட்டிக்கும் போகாமல் அழியுங்கள். கடைக்காரர் கோபிக்க மாட்டார். அவருக்கும் இடம் மிச்சம்.

சொந்தக் கருவியில் இதற்கு எதிரான விபத்து நடக்கும். எஸ்.டி. கார்டில் சேமிக்கும்படி குரோமில் வைத்திருந்தால், கோப்புகள் கார்டில் குரோமுக்கென்று ஒதுக்கிய கோப்புறைக்குள் போய்ச் சேரும். தொலைபேசி மெதுவாக இருக்கிறது என்று குரோமின் தரவை அழித்தால் அல்லது செயலியை நீக்கினால், சேர்த்து வைத்த வினாத்தாள்களும் அத்தோடு போகும். முக்கியமானவற்றை வேறு கோப்புறைக்கு நகர்த்தி வையுங்கள். விண்டோஸின் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ அமைப்பிலும் டவுன்லோட்ஸ் கோப்புறையை 30 அல்லது 60 நாளில் துடைக்கும் தெரிவு இருக்கிறது. இயல்பாக அது அணைந்தே இருக்கும். யாராவது போட்டு வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போகாத கோப்பைக் கெட்டது என்று நினைப்பதும் உண்டு. ஆசிரியர் அனுப்பிய வேர்ட் பயிற்சித்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். தரவிறக்கம் பிழையாகிவிட்டது என்று நான்கு முறை இறக்கியும் அதே கோலம்தான். கோப்பில் குறையே இல்லை. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது, உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. பாமினியை நிறுவினால் தமிழ் வந்துவிடும். தொலைபேசியில் படிக்க வேண்டுமென்றால் ஆசிரியரிடமே பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எதுவுமே இறங்காவிட்டால் கணினியின் திகதியைப் பாருங்கள். பாடசாலைகளுக்கு அன்பளிப்பாக வந்த பழைய இயந்திரங்களில் உள்பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் திகதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கும். அப்போது பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஒத்துவராமல் உலாவி தளங்களைத் திறக்கவே மறுக்கும். திகதியைத் திருத்தினால் போதும். காசு கொடுத்து வாங்க வேண்டியது சதக்குற்றி அளவில் வட்டமான ஒரு சிறு பேட்டரி மட்டுமே. அதே இயந்திரத்தில் விண்டோஸ் 7 ஓடினால், அதற்கு வந்த கடைசிக் குரோம் 109ஆம் பதிப்பு. அதற்கு மேல் புதுப்பிக்க முயன்று டேட்டாவைக் கரைக்க வேண்டாம்.